உயர டம்ளரில் அதிகம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் நான் பார்ப்பதைப் பார்த்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கே வெட்கம் தருவதாக இருந்தாலும் எழுதுவேன்.

காரணம் ஒரு புத்தகம். பள்ளி நூலகத்தில் கழித்துவிட எடுத்து வைத்திருந்த அடுக்கில் கிடந்தது. குழந்தைகளின் மனம் எப்படி வளர்கிறது என்பதைப் பற்றி ஆசிரியர் பயிற்சிக்காக எழுதியது. அட்டை இல்லை, ஆரம்பப் பக்கங்களும் இல்லை. "இதுல உனக்கு என்னம்மா இருக்கு, பரீட்சைக்குக்கூட வராது" என்றார் நூலகர். மே மாதம் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

அதில் ஓர் அறிஞர் வருகிறார். தன் மூன்று பிள்ளைகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எழுதி எழுதியே பெரிய கொள்கையை உண்டாக்கினாராம். எனக்குப் பதினைந்து வயது, பிள்ளைகள் இல்லை. ஆனால் சுண்டு இருக்கிறாள்.

சுண்டு என் சித்தியின் மகள். நாலு வயது தாண்டிவிட்டது. அம்மாவின் தங்கையான சித்தி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை செய்பவர். என் மூக்குக்கண்ணாடி அவர் கைவேலைதான். போன செப்டம்பரில் அவருக்கு நுரையீரலில் நோய் என்று சொல்லித் தூரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். சித்தப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. எனவே சுண்டு எங்கள் வீட்டில், என் அறையில், என் கட்டிலில், என் போர்வையின் முக்கால் பங்கில்.

மார்ச் 5, புதன்

முதல் சோதனை. புத்தகத்தில் உள்ளபடியே செய்தேன்.

ஒரே மாதிரியான இரண்டு டம்ளர். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். "ரெண்டுலயும் ஒண்ணா இருக்கா?"

"ஒண்ணா இருக்கு."

அவள் கண்முன்னாலேயே ஒன்றை மட்டும் ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றினேன். "இப்ப எதுல அதிகம்?"

அவள் யோசிக்கவே இல்லை. "இதுல. பாரு, எவ்ளோ உசரம்."

திரும்பப் பழைய டம்ளரில் ஊற்றினேன். "ஒண்ணா இருக்கு" என்றாள். மறுபடி உயர டம்ளர். "இதுல அதிகம்." முகத்தில் துளி சந்தேகம் இல்லை.

ஆறு ஏழு வயதுவரை பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தானாம். கண் சொல்வதை மனம் அப்படியே எடுத்துக்கொள்கிறது. வடிவம் மாறினாலும் உள்ளே இருப்பது மாறாது என்பது பிறகுதான் பிடிபடும், அவசரப்படுத்திப் பயனில்லை என்று போட்டிருக்கிறது. நான் அவசரப்படுத்திப் பார்த்தேன். பயனில்லைதான். கடைசியில் அவள் கேட்டாள்: "அக்கா, உனக்குத் தண்ணி வேணுமா, வேணாமா?"

மார்ச் 9, ஞாயிறு

புகைப்படப் பயிற்சியைப் பற்றி எழுத வேண்டும். இது என் சொந்த யோசனை.

ஆரம்பத்தில் சித்தி வாராவாரம் போன் செய்வார். குரல் கேட்டதும் சுண்டு கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடுவாள். அங்கே யாரும் இல்லை என்றதும் அழுகை, மறுநாள்வரை சாப்பாடு இறங்காது. "போன்ல பேசிப் பேசிப் பிள்ளையை ஏங்க வைக்காதே" என்று அம்மா சித்தியிடம் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் சுண்டு தூங்கிய பிறகு பெரியவர்கள் மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

அவள் அம்மாவை மறந்துவிடக் கூடாதே? அதனால் தினமும் காலையில் ஒரு படத்தைக் காட்டுவேன். சித்தி கடை வாசலில் நிற்கிறார். உருண்டை முகம், தோள்வழியாக முன்னால் விட்ட நீளச் சடை.

"இது யாரு?"

"அம்மா."

"அம்மா எப்படி இருப்பாங்க?"

"குண்டா இருப்பாங்க. பெரிய சடை இருக்கும்."

வாய்ப்பாடு மாதிரி சொல்கிறாள். நான் கேட்காவிட்டாலும் சொல்கிறாள்.

தாயைப் பிரிந்த குழந்தைக்கு மூன்று கட்டங்கள் உண்டு என்று புத்தகம் சொல்கிறது. முதலில் கதறும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். மூன்றாவதில் அழுகை நின்று விளையாட்டு திரும்பும். சுண்டு மூன்றாவதில் இருக்கிறாள். பழகிவிட்டாள்! நானும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 15, சனி

இன்று அப்பா மீசையை எடுத்துவிட்டார். ஒரு பக்கம் கோணலாக வெட்டிவிட்டாராம், சரிசெய்யப் போய் முழுவதும் போய்விட்டது. குளியலறையிலிருந்து வந்தவரைப் பார்த்துச் சுண்டு என் பின்னால் ஒளிந்தாள்.

"என்னடா சுண்டு, பெரியப்பாடா."

"இல்ல. பெரியப்பா எப்ப வருவாங்க?"

அவர் என்ன சொன்னாலும் கேட்கவில்லை. சொல்லச் சொல்ல அழுகை கூடியது. "பெத்த பொண்ணு நீயே என்னை ஒரு மாதிரி பாக்குற, அவ பாக்க மாட்டாளா" என்று அப்பா திரும்பக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா பேருந்து ஓட்டுநர். உள்ளேயிருந்து பேருந்து கிளம்புவதுபோல் உறுமி, ஹாரன் அடித்து, "ஏறுங்க ஏறுங்க, உள்ள போங்க" என்று சத்தம் போட்டார். தினமும் சாயங்காலம் சுண்டுவைத் தோளில் ஏற்றும்போது செய்வது.

சுண்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "பெரியப்பா உள்ள இருக்காங்க!"

கதவு திறக்கவும் அந்த முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு கைகளைத் தூக்கினாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

பூனைக்கு நாய் முகமூடி மாட்டினால் சின்னக் குழந்தைகள் அது நாயாகிவிட்டது என்பார்களாம். எங்கள் வீட்டில் முகமூடியே தேவைப்படவில்லை.

மார்ச் 22, சனி

அறை விளக்கை அணைத்ததும் சுண்டு ஏதோ சொல்கிறாள் என்று கொஞ்ச நாளாகவே கவனிக்கிறேன். இன்று காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். "இருக்கேன்" என்கிறாள். சொல்லிவிட்டு எதற்கோ காத்திருப்பவள்போல் அசையாமல் கிடப்பாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

"யாருகிட்ட பேசுற?"

போர்வையை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டாள்.

சின்னக் குழந்தைகள் தங்களுக்குள் பேசுவதைப் பற்றிப் புத்தகத்தில் இரண்டு கட்சி. முதல் அறிஞர், அது கேட்பவரைப் பற்றிய நினைப்பே இல்லாத பேச்சு, வளர வளரத் தானாக மறைந்துவிடும் என்றார். இன்னொருவர், மறையாது, உள்ளே போய்ச் சிந்தனையாகிவிடும் என்றார். நான் இரண்டாமவர் கட்சி. சுண்டு தூங்கப் போகுமுன் தன்னைத்தானே உறுதி செய்துகொள்கிறாள் என்பது என் முடிவு. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமையாக இருக்கிறது. (உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.)

ஏப்ரல் 2, புதன்

என் வயதுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் மனிதர் ஒரு சிக்கலைக் கடக்க வேண்டுமாம், இந்தப் பருவத்தின் சிக்கல் 'நான் யார்' என்பது. கணக்கில் சுமார். தோழிகள் என்று ஒருத்திதான், அவளும் போன வருடம் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு பதில்தான் தயக்கமில்லாமல் வருகிறது: சுண்டுவின் அக்கா.

ஏப்ரல் 11, வெள்ளி

சித்திக்குக் குணமாகிவிட்டது. ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு வருகிறார். கடை முதலாளி வேறு ஊரில் கிளை திறக்கிறார், அங்கே சித்திக்கு வேலை வைத்திருக்கிறார். மே ஐந்தாம் தேதி சேர வேண்டும். சுண்டுவையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

நல்ல செய்தி. நல்ல செய்திதான். அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

நான் அறைக்கு வந்து போர்வையை மடித்தேன். ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

சித்தி வந்தார்.

எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, தலைமுடியைக் காதுவரை வெட்டியிருந்தார்கள். படுக்கையிலேயே கிடந்ததில் சிக்கு விழுந்து சீவ முடியாமல் போய்விட்டதாம். வாசலிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்து கைகளை நீட்டினார். "சுண்டும்மா."

சுண்டு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாடா. அம்மா வந்துட்டேன் பாரு."

சுண்டு உள்ளே ஓடினாள். போர்வைக்குள் போய்விட்டாள் என்றுதான் நினைத்தோம். புகைப்படத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து சித்தியின் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இதுதான் அம்மா. குண்டா இருப்பாங்க. பெரிய சடை இருக்கும்."

சித்தி நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. பிறகு படத்தை வாங்கிப் பார்த்து, "ஆமா, நல்லா இருக்காங்க" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

ஆன்ட்டி என்று கூப்பிடுகிறாள்.

ஏப்ரல் 23, புதன்

சித்தி பால் ஆற்றிக் கொடுத்தால் குடிப்பதில்லை. அதையே நான் வாங்கிக் கொடுத்தால் குடிக்கிறாள். சித்தி பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் சித்தி வேறு அறைக்குப் போனால் விளையாட்டை நிறுத்திவிட்டு அந்தக் கதவையே பார்க்கிறாள். இதை நான் மட்டும் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சமையலறையில் சித்தியும் அம்மாவும் பேசியது கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை, தட்டு வைக்கப் போனேன்.

"அக்கா, அவ இங்கயே இருக்கட்டும்."

"என்னடி பேச்சு இது? நாலு நாள்ல பழகிடுவா."

"அஞ்சு நாளாச்சு. என்னைப் பாத்தா பயப்படுறா அக்கா. புது ஊரு, புது வீடு, நான் காலையில கடைக்குப் போயிடுவேன். அங்க போய் ஒரு அந்நியப் பொம்பளைகூட அவ ஏன் கிடக்கணும்? இங்க சிரிச்சுக்கிட்டு இருக்கா. நீ பணம் மட்டும் வேணாங்காதே. மாசாமாசம் அனுப்பிடுறேன்."

"அறைஞ்சேன்னா பாரு" என்றார் அம்மா. ஆனால் குரலில் பலம் இல்லை. பிறகு அம்மா சரியென்றோ முடியாதென்றோ சொல்லவே இல்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று பொருள்.

எனக்கு வந்தது சந்தோஷம். எழுதிவிட்டேன். கட்டிலுக்கு வந்ததும் தூங்கும் சுண்டுவின் காலைப் போர்வையால் மூடினேன், முழுப் போர்வையையும் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் குறிப்பெடுத்து முடிக்கலாம் என்று அந்த மூன்று கட்டங்களை மறுபடி படித்தேன். மூன்றாவதற்குக் கீழே இன்னும் நாலு வரி இருக்கிறது. மார்ச் மாதம் என் கண் அதன்மேல் போகத்தான் செய்திருக்கும். நான்தான் நிற்கவில்லை.

மூன்றாவது கட்டத்தைப் பெரியவர்கள் 'பழகிவிட்டது' என்று தவறாக எண்ணுகிறார்கள். தாய் திரும்பி வந்ததும் குழந்தை அவளைத் தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாசம் போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. இருந்த பாசம் தாங்க முடியாமல் போனதன் அடையாளம் அது. அந்த நேரத்தில் தாய் விலகிப் போகக் கூடாது. இதுதான் அந்த நாலு வரியின் சாரம்.

விலகிப் போகக் கூடாது.

இது வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

ஏப்ரல் 28, திங்கள்

சொல்லவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

நான் ஏன் சொல்ல வேண்டும்? புத்தகத்தில் இருப்பதெல்லாம் எல்லாக் குழந்தைக்கும் பொருந்துமா என்ன? சுண்டு என்னுடன் நன்றாகத்தானே இருக்கிறாள்? சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள் — அந்த வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தது யார்? குண்டா இருப்பாங்க, பெரிய சடை இருக்கும். நான்தானே தினம் தினம் ஊற்றி ஊற்றி நிரப்பினேன்? அம்மா என்றால் இந்த டம்ளர்தான், வேறு டம்ளரில் வந்தால் அம்மா இல்லை என்று. அவளுக்கு நாலு வயது. கண் சொல்வதைத்தான் நம்புவாள். இது எனக்கு மார்ச் ஐந்தாம் தேதியே தெரியும், என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பிடிக்கவில்லை. என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

மே 1, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சித்தி துணி எடுக்க வந்தார். அழுக்கான மூக்குக்கண்ணாடியைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. "என்னடி இது, சட்டினியில முக்கினியா" என்று என் முகத்திலிருந்து கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. அதனால்தான் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

"சித்தி, அவ உங்களை மறக்கல."

"விடு கண்ணு."

"புத்தகத்துல இருக்கு சித்தி. முகத்தைத் திருப்பிக்கிட்டா பாசம் இல்லைன்னு அர்த்தம் இல்லையாம்."

"புத்தகத்துல என் பொண்ணு பேரு இருக்கா?"

"இல்ல. ஆனா நீங்க உள்ள போனா அவ கதவையே பாத்துக்கிட்டு இருக்கா. நான் பாத்தேன்."

துடைக்கும் கை நின்றது. "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"போன வாரம் புதன்கிழமையே பாத்தேன். புத்தகத்துல படிச்சது ஞாயித்துக்கிழமை."

"ஏன் சொல்லல?"

"இங்கயே இருந்துடுவான்னு."

சித்தி மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை. படத்தை வைத்து நான் பயிற்சி கொடுத்ததையும், அப்பாவின் மீசைக் கதையையும் நானே சொல்லிக்கொண்டு போனேன். முகத்தைப் பார்த்தபோது அழுதாள், கதவுக்குப் பின்னால் குரலைக் கேட்டதும் ஓடினாள். பேச்சை நிறுத்தப் பயமாக இருந்தது. அதனால்தான் கடைசியில் அதையும் சொன்னேன்: "விளக்கை அணைச்சதும் தினமும் 'இருக்கேன்'னு சொல்றா சித்தி. யாருக்குன்னு தெரியல. தனக்குத்தானே பேசிக்கிறான்னு நினைச்சேன்."

"என்ன சொல்றா?"

"இருக்கேன்னு."

சித்தி படிக்கட்டில் உட்கார்ந்தார். எடுத்த துணியெல்லாம் மடியில் சரிந்தது. பிறகு என் முகத்தில் கண்ணாடியை மாட்டி, காதுப்பக்கம் அழுத்திச் சரிசெய்தார்.

"இத்தனை மாசமாவா" என்றார்.

மே 2, வெள்ளி

நேற்றிரவு நடந்தது. விட்டுப்போகாமல் எழுதுகிறேன்.

நானும் சுண்டுவும் படுத்தோம். நான் விளக்கை அணைத்தேன். சித்தி வெளியே கதவோரம் நின்றிருந்தார். சுண்டு "இருக்கேன்" என்று சொல்லுமுன்பே இருட்டில் அவர் குரல் வந்தது. கரகரப்புதான், ஆனால் ஒரு ராகம் இருந்தது.

"சுண்டு?"

என் பக்கத்தில் அந்தச் சின்ன உடம்பு விறைத்தது.

"இருக்கேன்."

சித்தி அருகே வரவில்லை. காத்திருந்தார். இது தூங்குமுன் அம்மாவும் மகளும் மாறி மாறிக் கேட்டுக்கொள்ளும் விளையாட்டு, இப்போது சுண்டுவின் முறை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதமும் தன் பதிலைச் சொல்லிவிட்டு அவள் காத்துக் கிடந்தாளே தவிர, அடுத்த கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வராது என்று தெரிந்திருக்கும்.

"அம்மா?"

"இருக்கேன்."

சுண்டு என்மேல் ஏறித்தான் போனாள். முழங்கால் என் வயிற்றில் குத்தியது. தரையில் குதித்து, குரல் வந்த பக்கம் போனாள். அடிக்கும் சத்தம் கேட்டது. "எங்க போன நீ, எங்க போன" என்று அடித்துக்கொண்டே இருந்தாள். சித்தி தடுக்கவில்லை. "இங்கதான்டா, இங்கதான்டா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் ஒரே அழுகை, இரண்டு பேரும். நான் விளக்கைப் போடவில்லை.

காலையில் எழுந்தால் இருவரும் தரையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுண்டு முதலில் எழுந்து சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிடுவாளோ என்று நான் எழாமல் படுத்தபடியே பார்த்தேன். வெட்டிய முடியைத் தொட்டாள்.

"உன் சடை எங்க?"

"ஆஸ்பத்திரியில வெட்டிட்டாங்க."

"வளருமா?"

"வளரும்."

"பெரியப்பா மீசை மாதிரியா?"

"ஆமா."

யோசித்தாள். "சரி" என்றாள்.

மே 4, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஓட்டுநர் முன் இருக்கை கொடுத்தார். சித்தி ஏறுமுன் என் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். திட்டு இனிமேல்தான் வரப்போகிறதோ என்று நினைத்தேன். "இடது பக்க லென்ஸ்ல கீறல் விழுந்திருக்கு. லீவுக்கு வா, மாத்தித் தரேன்" என்றார்.

காலையில் கடைசிச் சோதனை ஒன்று செய்தேன். தண்ணீரை ஊற்றி, "எதுல அதிகம்?" என்றேன். சுண்டு உயர டம்ளரைக் காட்டினாள், அதே நிச்சயத்தோடு. நான் திருத்தவில்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தத் தண்ணீரை நான் குடித்தேன்.

புகைப்படத்தைப் பையில் வைக்கப் போனேன். "இதை நீ வச்சுக்கோ அக்கா" என்றாள். "உனக்கு வேணாமா?" என்றேன். வேண்டாமாம்.

மே 6, செவ்வாய்

புத்தகத்தை நூலகரிடம் திருப்பிக் கொடுத்தேன். "படிச்சியா?" என்றார். படித்தேன் என்றேன். "எல்லாமா?" இரண்டாம் முறை எல்லாம் படித்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சித்தி போன் செய்தார். சுண்டு புது வீட்டில் முதல் நாள் அழுதாளாம், இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தினாளாம். அக்கா எங்கே என்று கேட்டாளாம். போனை அவளிடம் கொடுக்கவா என்றார் சித்தி. கொடுங்கள் என்றேன். "அக்கா" என்றாள், நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம், பூனை வந்துவிட்டது.

இப்போது கட்டிலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முழுப் போர்வையும் எனக்குத்தான். அம்மா வாசலில் வந்து நின்றார். "அணைக்கட்டுமா?" என்றார். இன்னும் ஒரு வரிதான் என்றேன். காத்திருந்தார். எனக்கு அந்த வரி வரவில்லை. சரி அணைச்சிடுங்க என்றேன்.

இருட்டில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அம்மா இன்னும் போகவில்லை, கதவோரம் அவர் மூச்சு கேட்கிறது. விளக்கை அணைத்தாயிற்று, அந்த வரி வந்துவிட்டது: இருக்கேன்.